'அரைப்பதத் தோல்' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

கேள்வி:

அண்ணே, வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. என் மச்சான் ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு வியாபாரி அரைப்பதம் செய்த மாட்டுத்தோல் தருகிறேன் என்கிறார். ஒரு இருபதடி கண்டெய்னர் சென்னைக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று யோசனை. கூடவே முடியோடு பதனிட்ட ங்குனி (இந்த ஊர் மாட்டினம்) மாட்டுத்தோல் முப்பது, நெருப்புக்கோழித் தோல் கொஞ்சம். வியாபாரி தந்த இன்வாய்சில் 'செமி ப்ராசஸ்டு லெதர்' என்று மட்டும் இருக்கிறது. சுங்க எண் என்ன போடுவது என்று கேட்டால் ஒரு ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பிவைக்கும் ஏஜெண்ட்) 4107 என்கிறார், மச்சான் 4104 என்கிறார், நண்பர் ஒருவர் 'தோல்தானே, 4101 போட்டுவிடு' என்கிறார். எது சரி? இந்த எண் விவகாரம் என் பொறுப்பா, வாங்குகிறவர் பொறுப்பா?

பதில்:

தம்பி, மூன்று பேரும் தோலைக் கண்ணால் பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஒரே டேனரிக்குள், அதாவது தோல் பதனிடும் ஆலைக்குள், ஒரே நாளில் இந்த மூன்று எண்ணுக்கும் உரிய தோல்கள் பத்தடி தள்ளித் தள்ளிக் கிடக்கும். உங்கள் வியாபாரி எந்த அடுக்கிலிருந்து எடுத்துத் தருகிறார் என்று தெரிந்தால் பதில் தானாக வந்துவிடும்.

அதற்கு முன் 'அரைப்பதம்' என்ற சொல்லைக் கீழே போடுங்கள். நான் வாணியம்பாடிக்காரன். சின்ன வயதில் அங்கே இந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருந்தது. பச்சைத்தோல் மண்டிக்காரருக்குச் சுண்ணாம்பு போட்டு முடி நீக்கியதே அரைப்பதம். டேனரிக்காரருக்கு, குரோம் ஏற்றி ஈரமாக இருக்கும் வெட் ப்ளூ அரைப்பதம். ஷூ கம்பெனிக்காரர், பதனிட்டுக் காயவைத்த க்ரஸ்ட்டைத்தான் அப்படிச் சொல்வார். பேச்சுக்கு இதில் ஒன்றும் கெட்டுப்போகாது, எல்லாரும் தோலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். சுங்கத்தில் காகிதம்தான் முன்னால் போகும். சுங்க அட்டவணையில் இந்த மூன்றும் வேறு வேறு சரக்கு. 'செமி ப்ராசஸ்டு லெதர்' என்று எழுதினால், எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி தனக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்வார்.

அட்டவணை என்று நான் சொல்வது எச்.எஸ். (ஹார்மனைஸ்டு சிஸ்டம்) எண்களை. உலக சுங்க அமைப்பின் ஏற்பாடு, 1988 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் இங்கேயும் இந்தியாவிலும் ஒன்றுதான். அதற்கு மேலுள்ள இலக்கங்கள் அந்தந்த நாட்டின் சொந்த விஷயம். இங்கே எட்டு இலக்கம் போட்டு, பக்கத்தில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றும் போடுவார்கள். தோலுக்கு 41ஆவது அத்தியாயம். இன்றைக்கு நாம் பார்க்கும் வடிவத்துக்கு அந்த அத்தியாயம் வந்தது 2002 திருத்தத்தில். பழைய ஆட்கள் சொல்லும் எண்கள் இடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, தோலின் பாதையிலேயே நடந்து பார்ப்போம். அறுப்புக்கூடத்திலிருந்து வந்ததும் உப்புப் போட்ட தோல், மாடானால் 4101. அதை ஊறவைத்து, சுண்ணாம்பு போட்டு, முடியும் சதையும் நீக்கி, ஏன், இரண்டாகப் பிளந்தாலும் அது 4101தான். அமிலமும் உப்பும் கலந்த பிக்கிள் வரைக்கும் போனாலும் 4101தான். பதனிடாத வரைக்கும் எத்தனை வேலை பார்த்தாலும் பச்சைத்தோல் பச்சைத்தோலே. மண்டிக்காரரின் 'அரைப்பதம்' சுங்கத்துக்குப் பச்சைத்தோல் ஆவது இப்படித்தான்.

அடுத்து டிரம்மில் குரோம் உப்பு ஏறுகிறது. வெளிறிய நீலத்தில், ஈரமாக, கனமாக வெளியே வருகிறதே, அதுதான் வெட் ப்ளூ. முடியில்லாத மாட்டுத்தோலாக இருந்தால் இந்த நிலையிலிருந்து 4104. வெட் ப்ளூவை மறுபதம் செய்து, சாயம் ஏற்றி, எண்ணெய் ஊட்டி, காயவைத்தால் க்ரஸ்ட். அதுவும் 4104தான், ஆறு இலக்கத்தில்தான் பிரியும். ஈர நிலை 4104.11, 4104.19; காய்ந்த நிலை 4104.41, 4104.49. காய்ந்த பிறகு மேலே பிக்மென்ட் பூசினாலோ, அச்சு அழுத்தி எம்போஸ் செய்தாலோ, உரசித் தேய்த்து (பஃபிங்) ஸ்வேட் ஆக்கினாலோ அது 'மேற்கொண்டு தயாரித்த' தோல். அப்போதுதான் உங்கள் ஃபார்வர்டர் சொன்ன 4107 வரும்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். சாயம் ஏறிய தோலைப் பார்த்ததும் 'இது ஃபினிஷ் ஆகிவிட்டது' என்று தோன்றும். கறுப்பாக, பழுப்பாக, தொட்டால் மெத்தென்று இருக்கும், யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் 41ஆம் அத்தியாயத்தின் இரண்டாவது குறிப்பு தெளிவாகச் சொல்கிறது: காயவைப்பதற்கு முன் மறுபதம் செய்ததும், நிறமேற்றியதும், எண்ணெய் ஊட்டியதும் க்ரஸ்ட்டுக்குள்ளேயே அடங்கும். ஆகவே நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். காய்வதற்கு முன் நடந்ததா, காய்ந்த பிறகு நடந்ததா என்பதுதான் கோடு. உங்கள் ஃபார்வர்டர் ஒருவேளை சாயமேற்றிய க்ரஸ்ட்டின் போட்டோவைப் பார்த்துவிட்டு 4107 சொல்லியிருக்கலாம்.

கையில் வைத்துப் பார்க்க எளிய வழி உண்டு. காய்ந்த தோலின் மேல்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பூச்சில்லாத க்ரஸ்ட் அந்தச் சொட்டை மெல்லக் குடித்து இருண்டுபோகும். பூச்சுள்ள தோலில் சொட்டு முத்துப்போல உட்கார்ந்திருக்கும். எண்ணெய் அதிகம் ஊட்டிய க்ரஸ்ட்டும், தண்ணீர் ஒட்டாதபடி செய்த க்ரஸ்ட்டும் கொஞ்சம் ஏமாற்றும். அதனால் பிளேடால் ஓரத்தை வெட்டி, நகை பார்க்கும் லென்ஸில் வெட்டுவாயைப் பாருங்கள். மேலே மெல்லிய தாள்போலத் தனியாக ஒரு படலம் தெரிந்தால் பூச்சு இருக்கிறது. நார்களுக்குள் நிறம் இறங்கியிருந்து மேலே படலம் இல்லையென்றால் க்ரஸ்ட் என்று எடுத்துக்கொண்டு, டேனரியிடம் வேலை விவரத்தை எழுத்தில் கேளுங்கள்.

வெட் ப்ளூவுக்கு வேறு சோதனை, தோல்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கொதிநீர்ச் சோதனை. தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் வைத்து ஓரம் முழுக்கப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கொதிக்கிற தண்ணீரில் இரண்டு, மூன்று நிமிடம் போட்டு எடுத்து, அதே கோட்டின்மேல் திரும்ப வையுங்கள். நன்றாகக் குரோம் ஏறிய தோல் கோட்டை விட்டு அசையாது. பதம் ஏறாத தோல் சுருண்டு பாதியாகிவிடும். பழைய பாத்திரத்தில் செய்யுங்கள், அப்புறம் அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கொதிநீரில் சுருங்கியதெல்லாம் பச்சைத்தோல் என்று முடிவுகட்டக் கூடாது. பட்டையில் பதனிட்ட தோல் கொதிநீருக்குத் தாங்காது, ஆனால் அது முறையாகப் பதனிட்ட தோல்தான். நம் ஊர் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் அந்த வகை. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டுக்கொண்டிருந்த நம் டேனரிகளுக்குப் பின்னாளில் இந்த நட்டால் மண்ணிலிருந்து வாட்டில் பட்டையும் வந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் வழியில் நீங்கள் பார்க்கும் தோப்புகளில் அந்தக் கறுப்பு வாட்டிலும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்ட மரம். அதன் சாறு தனிச் சரக்கு, எண் 3201.20. என்றைக்காவது மச்சான் அதையும் கேட்பார், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். சுங்க எண் பார்க்கும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் உள்நாட்டுக் கம்பெனி ஒன்றின் சரக்கு. காகிதத்தில் 'வெட் ஒயிட்' என்று இருந்தது, வெள்ளைத் தோல். குரோம் போடாமல் பதனிட்டது என்று நானே நினைத்துக்கொண்டு 4104.11 போட்டு அனுப்பிவிட்டேன். மாதிரி வாங்கிப் பார்க்கவில்லை. இறக்கிய துறைமுகத்தில் சாம்பிள் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்தத் தோலுக்குக் கொடுத்திருந்தது, பிளக்கும்போது தாங்குவதற்கும் வழியில் அழுகாமல் இருப்பதற்குமான லேசான முன்பதம் மட்டும். கழுவினால் திரும்பிப் போய், பழையபடி பச்சைத்தோலாகிவிடக்கூடியது. அதே இரண்டாவது குறிப்பின் முதல் பகுதி, திரும்பிப் போகக்கூடிய பதத்தைக் கணக்கில் எடுக்காதே, அது 4101 முதல் 4103க்குள்தான் என்கிறது. ஆக என் சரக்கு ஒரே நாளில் பச்சைத்தோல் ஆனது. பச்சைத்தோல் என்றால் கால்நடைத்துறைச் சான்று வேண்டும். அது எங்களிடம் இல்லை. எண் தப்பு என்பதைவிட அந்தச் சான்று இல்லாததுதான் அடி. கண்டெய்னர் கிடந்த நாட்களுக்கு வாடகை ஏறிக்கொண்டே போனது, வாங்கியவர் பணத்தைப் பிடித்துக்கொண்டார், விற்றவர் போனை எடுக்கவில்லை. அன்றிலிருந்து தோலைத் தொடாமல் எண் சொல்வதில்லை.

உங்கள் நண்பர் சொன்ன '4101 போட்டுவிடு' எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும். தென்னாப்பிரிக்கா 2019 ஜனவரியில் லிம்போபோவில் கோமாரி வந்து, 'கோமாரியற்ற மண்டலம்' என்ற தகுதியை இழந்த நாடு. 2021இல் நம் குவாசுலு-நட்டாலிலேயே கோமாரி வந்தது. பச்சைத்தோல் என்று அறிவித்தால் எந்த நாட்டின் கால்நடைத்துறையும் நிமிர்ந்து உட்காரும். சுண்ணாம்பும் அமிலமும் குரோமும் கண்ட வெட் ப்ளூவில் அந்தப் பயம் இல்லை, உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதிகளே அதைத் தனியாக வைத்துப் பார்க்கின்றன. இல்லாத வம்பை நீங்களாக ஏன் எழுதி வாங்க வேண்டும்?

இப்போது 4104.11க்கும் 4104.19க்கும் உள்ள வித்தியாசம். சின்ன விஷயம்போல் இருக்கும், சாம்பிள் எடுத்தால் முதலில் மாட்டுவது இதுதான். மாட்டுத்தோல் தடிமனானது, அதைப் பக்கவாட்டில் இரண்டாகப் பிளப்பார்கள். முடி இருந்த மேல்பக்கம் கிரெய்ன், கீழே விழுவது டிராப். பிளக்காத முழுத்தோலும் கிரெய்ன் ஸ்பிளிட்டும் 4104.11. டிராப் ஸ்பிளிட் 4104.19. விலையில் இரண்டும் மடுவுக்கும் மலைக்கும். அடியில் டிராப், மேலே கிரெய்ன் என்று அடுக்கிவைத்து, மொத்தத்தையும் 'வெட் ப்ளூ ஹைட்ஸ்' என்று ஒரே வரியில் எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு. உங்கள் வியாபாரி அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் பேலட் ஏற்றும் நாளில் நீங்களே போய் நின்று, ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு தோலைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மயிர்க்கண் தெரிந்தால் கிரெய்ன். இரண்டு பக்கமும் நார்நாராக இருந்தால் டிராப். உண்ணி கடித்த தழும்பு, சூட்டுக்கோல் தழும்பு எல்லாம் அப்போதே கண்ணில் படும். அது தர விஷயம், எண்ணை மாற்றாது, மச்சானின் முகத்தை மாற்றும்.

அடுத்து ங்குனி தோல். இதற்கு உங்கள் மூன்று ஆலோசகர்கள் சொன்ன எண்களில் ஒன்றுகூடப் பொருந்தாது. 4104ஐயும் 4107ஐயும் பாருங்கள், இரண்டிலும் 'முடியில்லாத' என்ற சொல் இருக்கும். முடியோடு பதனிட்ட தோல் 41ஆம் அத்தியாயத்தை விட்டே வெளியே போய், மென்மயிர்த் தோல்களுக்கான 43இல் விழும். முழுத்தோலாக அனுப்பினால் 4302.19. அடியில் துணி வைத்துத் தைத்து, ஓரம் கட்டி, தரைவிரிப்பாகவே அனுப்பினால் 4303.90. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ங்குனி தோலைப் பதனிடாமல், உப்புப் போட்டு, முடியோடு அனுப்பினால் அது 4101. மாடு, குதிரை, பன்றி போன்ற சில விலங்குகளின் முடியோடு கூடிய பச்சைத்தோலுக்கு மட்டும் 41இல் இடம் கொடுத்துவிட்டு, பதனிட்டதும் வெளியே அனுப்பிவிடுகிறது அட்டவணை. ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். முதலாவது குறிப்பில் பட்டியலே போட்டிருக்கிறார்கள், நமக்கு அதுதான் சட்டம்.

நெருப்புக்கோழித் தோல் அவ்வளவு சிக்கல் இல்லை. நெருப்புக்கோழிப் பண்ணைகள் உள்ள அவுட்ஷூர்ன் பக்கத்திலிருந்து வரும் சரக்குதானே? இறகு பிடுங்கிய குழிகள் முத்துமுத்தாக நிற்கும், யாரும் மாட்டுத்தோலோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஈரமாக இருந்தால் 4106.91, க்ரஸ்ட் ஆனால் 4106.92, ஃபினிஷ் செய்தது என்றால் 4113.90. அழிந்துவரும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் பட்டியலில் நெருப்புக்கோழி இருக்கிறதே என்று யாராவது பயமுறுத்துவார்கள். அதில் இருப்பவை அல்ஜீரியா, சூடான், மாலி போன்ற வடக்கத்தி நாடுகளின் பறவைகள். தென்னாப்பிரிக்கப் பறவைகள் அதில் இல்லை. அதனால்தான் எங்கிருந்து வந்தது என்று காட்டும் காகிதத்தைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். வியாபாரி 'முதலைத் தோலும் இருக்கிறது, நாலைந்து சேர்த்துத் தரட்டுமா' என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு சைட்டீஸ் அனுமதி, ஒவ்வொரு தோலிலும் எண் போட்ட டேக் என்று வேறு உலகம். முதல் கண்டெய்னரில் கற்றுக்கொள்கிற பாடம் இல்லை அது.

பொறுப்பு யாருக்கு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பேருக்கும், தனித்தனியாக. இங்கே ஏற்றுமதி அறிவிப்பில் உங்கள் பெயர் ஏற்றுமதியாளராகப் போகிறது. அதில் இருக்கும் எண்ணுக்கும் விவரத்துக்கும் மதிப்புக்கும் 1964ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 'ஏஜெண்ட் போட்டார்' என்பது தப்பிக்கிற வழி ஆகாது. அங்கே இறக்குமதிக்கு மச்சான் பொறுப்பு. வியாபாரி 'எக்ஸ் வொர்க்ஸ்' விலை சொல்லி, தன் கேட்டிலேயே சரக்கை உங்களிடம் ஒப்படைத்தால் ஏற்றுமதி வேலை முழுக்க உங்கள் தலையில். எஃப்.ஓ.பி. விலை என்றால் கப்பலில் ஏற்றும்வரை அவர் பார்த்துக்கொள்வார். முதல் முறைக்கு எஃப்.ஓ.பி. கேட்டுப் பாருங்கள், விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. நீங்களே அனுப்புவதானால் சார்ஸில் (இந்த நாட்டு வருவாய்த்துறை) ஏற்றுமதியாளராகப் பதிவு வேண்டும், அறிவிப்பில் அந்தச் சரக்குக்கான தனி அடையாள எண்ணான யூ.சி.ஆர். வேண்டும். அதை வைத்துத்தான் வெளிநாட்டுப் பணம் வந்ததா என்று வங்கி கணக்குப் பார்க்கும். காகிதங்களை ஐந்து வருடம் பத்திரமாக வையுங்கள்.

எண்ணில் உங்களுக்கும் ஏஜெண்டுக்கும் ஒத்துவரவில்லை என்றால் சார்ஸிடமே தீர்மானம் கேட்கலாம், அதற்குச் சட்டத்தில் 47(9) பிரிவு இருக்கிறது. மாதிரியும் வேலை விவரமும் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு கண்டெய்னருக்கு இது அதிகம். மாதாமாதம் அனுப்பப் போகிறீர்கள் என்றால் செய்துவிடுங்கள். அனுப்பிய பிறகு தப்பு தெரியவந்தால் மூடி மறைக்காமல் உடனே வவுச்சர் ஆஃப் கரெக்ஷன், அதாவது திருத்த அறிவிப்பு, போடுங்கள். நாமாகச் சொல்லித் திருத்துவது வேறு, அவர்கள் கண்டுபிடித்த பிறகு திருத்துவது வேறு.

இந்தியப் பக்கத்தில் எண்ணுக்கு நேரடியாகப் பண மதிப்பே இருக்கிறது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் வெட் ப்ளூ தோலுக்கு அடிப்படைச் சுங்க வரியை முழுக்க நீக்கினார்கள். அதற்கு முன் 10 சதவீதம். சலுகை வெட் ப்ளூவுக்கு. நீங்கள் 'செமி ப்ராசஸ்டு' என்று எழுதி அனுப்பினால் மச்சான் எதைக் காட்டிச் சலுகை கேட்பார்? ஈர நிலை என்ற சொல் இன்வாய்சில் இருக்க வேண்டும். ங்குனி தோலுக்கும் நெருப்புக்கோழி க்ரஸ்ட்டுக்கும் இந்தச் சலுகை இருப்பதாக நினைத்து விலை பேசிவிடாதீர்கள். இந்த மாதிரி விலக்குகளை அரசு அவ்வப்போது மாற்றும் என்பதால், கப்பல் சேரும் வாரத்தில் அறிவிக்கை எப்படி இருக்கிறது என்று மச்சானின் சென்னை ஏஜெண்ட் பார்த்துச் சொல்லட்டும். சந்தேகம் வந்தால் தோல் மாதிரி அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகும். 1948 முதல் இதே வேலையாக இருக்கும் இடம், அங்கே காகிதத்தில் எழுதியதைக் காட்டி யாரையும் சமாளிக்க முடியாது. பெரிதாகத் தொடர்ந்து செய்வதானால் மச்சான் முன்தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாம், அதற்கு டில்லியிலும் மும்பையிலும் ஆணையங்கள் உண்டு.

இன்வாய்சை இப்படித் திருத்தித் தரச் சொல்லுங்கள். முதல் வரி: 'வெட் ப்ளூ போவைன் ஹைட்ஸ், குரோம் டான்ட், வித்தவுட் ஹேர், ஃபுல் கிரெய்ன், அன்ஸ்பிளிட், இன் வெட் ஸ்டேட், நாட் ஃபர்தர் ப்ரிப்பேர்ட்.' அதில் எது பொருந்தவில்லையோ அதை மாற்றி எழுத வேண்டும், அழகுக்காக எல்லாவற்றையும் எழுதக் கூடாது. ங்குனிக்குத் தனி வரி, நெருப்புக்கோழிக்குத் தனி வரி, டிராப் இருந்தால் அதற்கும் தனி வரி. ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை, எடை, சதுர அடி மூன்றும் வேண்டும். தோல் சதுர அடியில் விலைபோகும், கப்பல் எடையில் கணக்குப் பார்க்கும், சுங்கம் இரண்டையும் ஒப்பிடும்.

எடை என்றதும் ஒன்று. வெட் ப்ளூவில் பாதிக்கு மேல் தண்ணீர். டேனரியில் நிறுத்த எடையும் நான்கு நாள் கழித்துத் துறைமுகத்தில் நிறுத்த எடையும் ஒன்றாக இருக்காது, வழியெல்லாம் சொட்டும். 2016 ஜூலை முதல் ஏற்றுவதற்கு முன் கண்டெய்னரின் சரிபார்த்த எடையைக் கப்பல் கம்பெனிக்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே பேக்கிங் லிஸ்டில் என்றைக்கு நிறுத்த எடை என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். தோலைப் பிழிந்து, அடுக்கி, பிளாஸ்டிக்கால் இறுகச் சுற்றிய பிறகுதான் எடை போட வேண்டும். பூஞ்சை மருந்து போட்டாரா, என்றைக்குப் போட்டார் என்றும் கேளுங்கள். காவடி சமயத்தில் டர்பன் புழுக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் புழுக்கத்தில் மூடிய இரும்புப் பெட்டிக்குள், இடையில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் மாறக் காத்திருந்து, சென்னையில் கதவைத் திறக்கும்போது நீலத் தோலின்மேல் பச்சையும் கறுப்புமாகப் பொட்டுப் பொட்டாக இருந்தால் எந்த எண் போட்டும் பயனில்லை.

ங்குனி தோலை ஈரமான வெட் ப்ளூவோடு அதே கண்டெய்னரில் ஏற்றாதீர்கள். அந்த ஈரம் பட்டால் முடி நாறும், சில இடத்தில் உதிரும். முப்பது தோல்தானே, நெருப்புக்கோழியையும் சேர்த்துக் கட்டித் தனிச் சரக்காக விமானத்திலோ பகிர்வுக் கண்டெய்னரிலோ அனுப்பினால் காகிதமும் சுத்தமாக இருக்கும்.

இந்த வாரம் வியாபாரியிடம் போய் ஒவ்வொரு வகையிலும் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி வாங்குங்கள். வெட்டுவாய் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, கொதிநீரில் போட்டு எடுத்ததைப் பென்சில் கோட்டின்மேல் வைத்து ஒரு போட்டோ. இரண்டையும் அனுப்புங்கள், மீதி இலக்கங்களை அட்டவணையைப் பார்த்து எழுதித் தருகிறேன்.